எழுபத்தொரு நாள் முழுத் தீனி

குடும்பத்தில் அவளை எல்லோரும் தராசு என்றே அழைத்தார்கள். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அலுவலகப் பதிவேட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டும் உயிர் பிழைத்திருந்தது. எடையளவுத் துறையில் இருபத்து மூன்று ஆண்டுகள் ஆய்வாளராக இருப்பவளுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும் என்று அவள் கணவர் கேட்பார். அவள் சந்தைக்குள் காலெடுத்து வைத்தால் முதல் கடையில் தொடங்கிய இருமல் கடைசிக் கடை வரைக்கும் தொற்றிக்கொண்டு போகும் என்பதும், அந்த இருமலுக்குள்ளேயே பாதித் தராசுகள் திருந்திவிடும் என்பதும் அவர் சொல்லிச் சிரிக்கும் கதைகள்.

எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியவர்களை அவள் பார்த்திருந்தாள். தட்டுக்கடியில் காந்தம் ஒட்டியவர்களையும் பார்த்திருந்தாள். பிடிபட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். சரக்கு உலர்ந்துவிட்டது, இயந்திரம் நேற்றுத்தான் கெட்டது, மூட்டை போடும் ஆள் புதியவன். முதல் சில ஆண்டுகள் அவள் அந்த விளக்கங்களைக் காது கொடுத்துக் கேட்டாள், சில முறை ஏமாந்தும் போனாள். பிறகு ஒரு பழக்கம் ஏற்பட்டது. எவரேனும் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். தராசின் முள்ளைப் பார்ப்பாள். முள் பேசுவதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. துறையில் அவளுக்கு நற்பெயர் வந்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.

குதிரை அவள் வாழ்க்கைக்குள் வந்தது நாற்பத்தாறாம் வயதில். நகரத்தின் வெளிப்புறத்தில் ஒரு தீவனக் கிடங்கு. அதன் மேடைத் தராசுக்கு முத்திரை வைக்கப் போயிருந்தாள். அடுத்த மனை குதிரையேற்றப் பள்ளி. வேலியோரம் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்த கோப்புக் காகிதங்களை, கரும்புள்ளிகள் இறைத்த சாம்பல்நிறப் பெண்குதிரை ஒன்று தலையை நீட்டிக் கவ்வியது. ஒரு மூலை போயேவிட்டது. அரசாங்க ஆவணத்தை மென்று தின்றதற்காக அவள் யாரையும் விட்டுவைத்ததில்லை, அன்று சிரித்தாள். அடுத்த சனிக்கிழமையே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். இரண்டாண்டுகள் கழித்து, சிறுவர்களை ஏற்றிப் பழக்க இவ்வளவு கூச்சமுள்ள குதிரை ஆகாது என்று பள்ளி அதை விலக்கியபோது, அவளே வாங்கிக்கொண்டாள். மிளகு என்பது லாயத்தில் அதற்கிருந்த பெயர். அதை அவள் மாற்றவில்லை.

உறவுக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். மாடிவீட்டில் குடியிருந்த நாத்தனார், அண்ணிக்குக் குழந்தை இல்லாத குறையை இப்படியா தீர்ப்பது என்று தன் கணவரிடம் கேட்டதாகவும், அது சுவர் வழியே கீழே இறங்கியதாகவும் தெரிகிறது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஊர்ல எல்லாரும் நாய் வளக்குறாங்க. என் பொண்டாட்டி எதுலயும் எடை குறையக் கூடாதுன்னு குதிரையா வாங்கிட்டா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

அவள் திறமையான சவாரிக்காரி அல்லள். அது அவளுக்கே தெரியும், ஏனென்றால் கோடு போட்ட நோட்டு ஒன்றில் நாள், நிமிடம், வேகம், விழுந்தது என்று நான்கு பத்திகள் பிரித்து எழுதி வந்தாள். லாயத்தில் மூன்று வேகங்கள்: நடை, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும் குலுக்கோட்டம், அலை ஏறி இறங்குவதைப் போன்ற பாய்ச்சல். நடையைக் கற்க ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. குலுக்கோட்டத்திற்கு ஓராண்டு பிடித்தது. பாய்ச்சலில் அவள் உடல் முன்னால் வளையும், கைகள் கடிவாளத்தைப் பற்றி இழுக்கும், குதிரை குழம்பி நின்றுவிடும். "கையால ஓட்டாதீங்க மேடம், உட்கார்ந்து ஓட்டுங்க. கடிவாளத்தைப் பிடிச்சுத் தொங்குனா அவ என்ன செய்வா?" என்று பள்ளியை நடத்திவந்த பயிற்சியாளர் நூறு முறை சொல்லியிருப்பார். ஐம்பது வயது முடிவதற்குள் கடிவாளத்தைத் தொய்வாக விட்டு வட்டத்தில் ஆறு சுற்றுப் பாய்ச்சல். அதற்குமேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை. நோய் வந்து ஊர் மூடப்பட்ட வாரத்தில் அவள் ஒன்றரைச் சுற்றில் இருந்தாள். வயது நாற்பத்தொன்பதரை.

மிளகைப் பார்த்துக்கொண்டவர் லாயக்காரர். ஐம்பத்தெட்டு வயது, லாயத்தை ஒட்டிய ஒற்றை அறையிலேயே குடியிருந்தார், பதினான்கு குதிரைகளின் சாணம் வாரியும் தீனி வைத்தும் தேய்த்துவிட்டும் அவருடைய நாள் கழியும். ஆரம்பத்தில் தீனியை அவர் தகரக் குவளையால் மொண்டு போட்டார். தராசுக்கு அது பொறுக்கவில்லை. முத்திரை பதித்த சுருள்வில் தராசு ஒன்றைக் கொண்டுவந்து தீனி அறையின் உத்தரத்தில் தொங்கவிட்டாள். மிளகின் தானியம் அதில் நிறுத்துத்தான் போடப்பட வேண்டும், காலையில் இரண்டு கிலோ, மாலையில் இரண்டு கிலோ. லாயக்காரர் மறுக்கவில்லை. குவளையில் மொண்டதைத் தராசில் கொட்டிப் பார்த்தார், முள் இரண்டில் நின்றது. "சரியாத்தான்மா இருக்கு" என்றார். அவள் சிரித்துவிட்டு, ஆனாலும் தராசு இருக்கட்டும் என்றாள்.

ஊர் மூடப்பட்டபோது பள்ளிக்குள் வெளியார் எவரும் வரக்கூடாதென்று உத்தரவு வந்தது. குதிரைகளின் உரிமையாளர்களும் வெளியார்தான். லாயக்காரரும் இன்னும் இருவரும் உள்ளேயே தங்க, பயிற்சியாளர் வாசலைப் பூட்டினார். பதினான்கு குதிரைகளுக்கு மூன்று பேர்; எனவே எந்தக் குதிரையையும் ஓட்டிப் பயிற்சி கொடுக்க ஆளில்லை. நாளைக்கு ஒரு முறை கையில் பிடித்துக் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு மறுபடி கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. தராசு போனில் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: தினமும் காலையில் தீனி நிறுக்கும்போது தராசைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

எண்ணெய் பூசுவதற்காக அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சேணம் அப்படியே வீட்டில் மாட்டிக்கொண்டது. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாள் கூடத்திலிருந்த நீள பெஞ்சின் மீது இரண்டு மெத்தைகளைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் சேணத்தைப் போட்டாள். கால் நுழைக்கும் அங்கவடிகள் இரண்டு பக்கமும் தொங்கின. ஏறி உட்கார்ந்தாள். கணவர் செய்தித்தாளை இறக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடி உயர்த்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவரும் அதில் பங்குதாரர் ஆனார். தட்டு ஒன்றைக் கவிழ்த்துக் கரண்டியால் தாளம் போடுவார். தாளத்திற்கேற்ப அவள் எழுந்து எழுந்து உட்காருவாள். இரண்டு முழங்கைகளுக்கும் விலாவுக்கும் இடையே ஒவ்வொரு காகிதமாகச் செருகிக்கொண்டு, அவை விழாமல் அரைமணி நேரம். கடிவாளத்துக்குப் பதில் ஒரு தையல் நூல், கதவின் கைப்பிடியில் கட்டியது, இழுத்தால் அறுந்துவிடும். முதல் வாரத்தில் பதினேழு நூல் அறுந்தது. ஆறாவது வாரத்தில் ஒன்றுகூட அறுபடவில்லை. மாடிப்படியில் இறங்கி வந்த நாத்தனார் சன்னல் வழியே இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்ன அண்ணி, எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"இன்னும் ஹால் தாண்டல" என்றார் கணவர், தாளத்தை நிறுத்தாமலே.

நோட்டில் அவள் இந்த நாட்களுக்கும் பத்தி பிரித்தாள். குதிரை இல்லாத சவாரி என்று தலைப்பிட்டாள். தொடை இறுகியது, முதுகு நிமிர்ந்தது. நாற்பது நாளில், மூன்றாண்டுகளில் வராத ஏதோ ஒன்று இடுப்புக்கு வந்து சேர்ந்தது. வெளியே ஆம்புலன்ஸ் போகும் சத்தம் கேட்கும்போது கணவர் தாளத்தை நிறுத்துவார். போனபிறகு தொடங்குவார்.

இதற்கெல்லாம் நடுவே, ஊர் மூடிய பன்னிரண்டாம் நாள் காலை வந்த படத்தில் முள் ஒன்றில் நின்றது.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளிச்சத்தின் கோளாறோ என்று நினைத்தாள், இல்லை. உடனே லாயக்காரரை அழைத்தாள். அவர் நிதானமாகத்தான் சொன்னார். குதிரை நாளெல்லாம் பலகைத் தடுப்புக்குள், கட்டுத்தறியிலேயே நிற்கிறது, வேலை இல்லாத உடம்புக்கு முழுத் தானியம் ஏறக்கூடாது, ரத்தம் சூடாகிக் காலுக்கு இறங்கிவிடும். தாம் எல்லாக் குதிரைக்குமே பாதியாக்கிவிட்டு உலர்புல்லைக் கூட்டியிருப்பதாகச் சொன்னார்.

விளக்கம் தொடங்கியதுமே அவள் கண் படத்திலிருந்த முள்ளுக்குப் போய்விட்டது. மூன்று பேர், பூட்டிய வாசல், யாரும் பார்க்காத தீனி அறை. இருபத்து மூன்று ஆண்டுகளில் இதை எத்தனை குரல்களில் கேட்டிருக்கிறாள்.

"அண்ணே, வேலை இல்லாதது அவ தப்பா? அவளோட பங்கு இரண்டு கிலோ. குறைச்சு அளக்கிறவங்க எல்லார்கிட்டயும் ஒரு காரணம் இருக்கும். நான் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தலை நரைச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு குதிரை செருமியது கேட்டது.

"சரிங்கம்மா" என்றார் லாயக்காரர்.

மறுநாள் முதல் முள் இரண்டில் நின்றது. காலை தவறாமல் படம் வந்தது. அவள் பார்த்துவிட்டுச் சேமித்துவைத்தாள். தன்னால் போகமுடியாத இடத்தில் தன் குதிரைக்கு ஒரு பிடி தானியம் குறையாமல் பார்த்துக்கொண்டோம் என்ற நிறைவு, அந்த மாதங்களில் அவளுக்கிருந்த ஒரே நிறைவு.

எழுபத்திரண்டாம் நாள் வாசல் திறந்தது. முகக்கவசத்துடன், கை கழுவி, பதிவேட்டில் கையெழுத்திட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மற்ற குதிரைகள் சற்று மெலிந்து, மயிர் மங்கி நின்றன. மிளகு மட்டும் பளபளத்தது. முதுகு உருண்டு, பிடரி தடித்து, சிலைக்கு மெருகு பூசியதுபோல் நின்றது. பயிற்சியாளரே வியந்தார், இதைப் பார்த்தால் ஊரில் நோய் வந்ததென்று யார் நம்புவார் என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தடித்த பிடரியைக் கையால் அழுத்திப் பார்த்தாள், பலகைபோல் கெட்டியாக இருந்தது. அதையும் வலிமை என்றே எண்ணிக்கொண்டாள்.

சேணத்தின் வாரை இறுக்கிக் கொடுத்துவிட்டு லாயக்காரர், இன்றைக்கு நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பத்து நிமிடம் நடத்தினாள். திருப்பங்களில் குதிரை முன்கால்களைக் குட்டை குட்டையாக வைப்பதைக் கவனித்தாள்; இவ்வளவு நாள் நின்றதன் விறைப்பு, ஓடினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். குலுக்கோட்டத்துக்கு மாற்றினாள். அவள் உடல் தானே எழுந்து தானே உட்கார்ந்தது. கைகள் எங்கிருக்கின்றன என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அது அவளை மயக்கிவிட்டது. காலை லேசாக அழுத்தினாள். மிளகு ஒரு கணம் தயங்கியது. மறுபடி அழுத்தினாள்.

பாய்ச்சல் வந்தது. கடிவாளம் தொய்ந்து தொங்கியது, குதிரையின் முதுகும் அவள் இடுப்பும் ஒரே மூச்சில் ஏறி இறங்கின, காற்று முகக்கவசத்தைக் கன்னத்தோடு ஒட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பயிற்சியாளர் வேலியருகே நின்று உரக்க எண்ணினார். ஆறு. கவசத்துக்குள் அவள் அழுதுகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலை நோட்டில் எழுதினாள்: பாய்ச்சல், ஆறு சுற்று, கை தொடவில்லை.

விடிந்ததும் லாயக்காரர் அழைத்தார். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நிற்பதாகவும், ஓர் அடி எடுத்து வைக்க மறுப்பதாகவும், குளம்புகள் தொட்டால் சுடுவதாகவும் சொன்னார். டாக்டரை அழைத்துவிட்டேன், நீங்களும் வாருங்கள் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

டாக்டர் வருவதற்குள் அவள் வந்துவிட்டாள். டாக்டர் குளம்புக்கு மேலே விரலை வைத்து நாடி பார்த்தார். இரும்பு இடுக்கியால் குளம்பின் அடியை மெல்ல அழுத்தினார். மிளகு உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கியது. குளம்பின் ஓட்டுக்கும் உள்ளெலும்புக்கும் இடையே இருக்கும் மெல்லிய திசு வீங்கிக் கிழியத் தொடங்கியிருக்கிறது, அந்தத் திசுதான் எலும்பைத் தாங்குகிறது, அது விட்டுப்போனால் குதிரையின் மொத்த எடையும் எலும்பைக் கீழே அழுத்தும் என்று விளக்கினார். பிறகு, இந்த இரண்டு மாதமும் தானியம் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார்.

"நாலு கிலோ" என்றார் லாயக்காரர்.

பயிற்சியாளர் அவர் பக்கம் திரும்பினார். நிற்கிற குதிரைக்கு நாலு கிலோவா, முப்பது வருடம் இந்தத் தொழிலில் கிடந்தவருக்கு இதுகூடவா தெரியாது, மற்ற பதின்மூன்றுக்கும் குறைத்துவிட்டு இதற்கு மட்டும் எந்தப் புத்தியில் போட்டீர் என்று கத்தினார். லாயக்காரர் தரையைப் பார்த்தபடி, "நான்தான் போட்டேன்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் வாய் திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மிளகின் முன்கால்களை ஐஸ்கட்டி மிதக்கும் தொட்டிகளில் நிறுத்திவைத்தார்கள். லாடக்காரர் வந்து லாடங்களைக் கழற்றினார். தடித்த ஸ்பாஞ்சுப் பலகைகளை வெட்டிக் குளம்புக்கடியில் வைத்துக் கட்டினார். லாயக்காரர் கட்டுத்தறி முழுவதும் முழங்கால் ஆழத்துக்கு மணலும் மரத்தூளும் கொட்டினார். மூன்றாம் நாள் டாக்டர் எக்ஸ்ரே எடுக்க வந்தபோது பயிற்சியாளர், லாயத்து வேலைக்கு வேறு ஆள் பார்த்திருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தராசு கைப்பேசியை எடுத்தாள். முள் ஒன்றில் நின்ற படத்தையும், அதற்கடுத்து வரிசையாக இரண்டில் நின்ற அறுபது படங்களையும் காட்டினாள்.

"அவர் குறைச்சார். நான்தான் கூட்டச் சொன்னேன். திருடுறார்னு நினைச்சேன்."

பயிற்சியாளர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். டாக்டர் எக்ஸ்ரே தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு சற்றே சாய்ந்திருக்கிறது, ஆனாலும் நம்பிக்கையை விட வேண்டாம் என்றார். லாயக்காரர் தொட்டிக்கு ஐஸ் கொண்டுவரப் போய்விட்டார். அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்ததா என்பதை அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் வேலை நிலைத்தது.

அதன்பிறகு வந்த மாதங்களிலெல்லாம் அவளுக்கு ஒரே வேலைதான்: மிளகைப் பிழைக்க வைப்பது. அலுவலகம் பாதி நாள் இயங்கியது. மீதிப் பாதி லாயத்தில் கழிந்தது. மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, இனிப்பை இறக்கிப் பிழிந்து போட்டாள். எவ்வளவு என்பதை லாயக்காரர் சொன்னார். அவள் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. இரண்டாம் மாதம் குதிரை தானாக மூன்றடி நடந்து தண்ணீர்வாளிக்குப் போனது. மூன்றாம் மாதம் மணல் பாதையில் அவள் கையைப் பிடித்ததுபோல் கூடவே நடந்தது. நோட்டில் அவள் மறுபடி எழுதத் தொடங்கினாள்: நடை, இருபது அடி. நடை, முப்பத்தைந்து அடி. சவாரி என்ற சொல்லை அடித்துவிட்டாள்.

நடுவே கணவருக்கு நோய் கண்டது. ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிசெய்யப் போனவர் காய்ச்சலோடு திரும்பினார். இருவரும் மூன்று வாரம் வீட்டுக்குள் அடைபட்டார்கள்; நாத்தனார் நாள் தவறாமல் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, எட்டி நின்று, அண்ணன் மூச்சுவிடும் சத்தத்தைச் சன்னலில் கேட்டுவிட்டுப் போனாள். ஒரு நாள் போகிற போக்கில், "குதிரை எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டாள். அதில் கேலி இல்லை. அந்த மூன்று வாரமும் லாயக்காரரிடமிருந்து கேட்காமலே படம் வந்தது: தராசில் தொங்கும் ஈரப்புல், முள்ளோடு. அவள் நான்கைந்து முறை எதையோ எழுத முயன்று அழித்தாள். கடைசியில், நீங்கள் சொல்லும் அளவுதான் அண்ணே, படம் வேண்டாம் என்று எழுதினாள். மறுநாளும் படம் வந்தது.

கணவர் தேறினார்; மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கியது. மிளகு தேறவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு காலையில் எழுந்து நிற்க மறுத்தது. மறுபடி தகடு எடுத்தார்கள். எலும்பின் முனை குளம்பின் அடித்தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் சில நாட்களில் அது வெளியே வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அவர் சுற்றி வளைக்கவில்லை. அதற்காக அவள் பின்னாளில் நன்றி சொன்னாள்.

"எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில வர்றேன். இதுக்கு மேல தள்ளிப்போட்டா அது நமக்காகத்தான் இருக்கும், அவளுக்காக இல்ல."

நோய் இரண்டாம் முறை ஏறிக்கொண்டிருந்த நேரம். குதிரைக்கு ஒரு பார்வையாளர், ஒரு மணி நேரம் என்று விதி. பயிற்சியாளர் மறுநாளுக்கான ஏற்பாட்டைச் சொன்னார்: உடலை ஏற்றும் வண்டி வாசலுக்கு மேல் உள்ளே வராது, லாயத்து நடைபாதை குறுகல், செத்த குதிரையை அதன் வழியே இழுக்க முடியாது; ஆகவே காலையில் வலி மருந்தைக் கூட்டிக் கொடுத்து வாசல்வரை நடத்திக் கொண்டுபோய், அங்கே ஊசி போட வேண்டும். எல்லா லாயங்களிலும் அப்படித்தான். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர்.

தராசு கட்டுத்தறியிலிருந்து வாசல்வரை நடந்து பார்த்தாள். எண்பத்து நான்கு அடி. முந்தின நாள் தண்ணீர்வாளிக்கு மூன்றடி வைக்க அந்தக் குதிரைக்குக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பி வந்தாள்.

"அவ ஒரு அடிகூட நடக்க வேண்டாம். படுத்த இடத்துலயே முடியட்டும்."

பயிற்சியாளர் பொறுமையாக மறுபடி விளக்கினார். அவள் இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, முடியாது என்றாள். அப்போதுதான் லாயக்காரர் பேசினார். கட்டுத்தறியின் பின்சுவர் பலகைதான், பதினொரு பலகை, ஆணியைக் கழற்றினால் பின்பக்கம் திறந்த வெளி. சுற்றுவேலியின் பின்கதவு வழியே வண்டி அதுவரைக்கும் வரும். தூக்க மட்டும் ஏதாவது வேண்டும் என்றார். அவள் கணவரைப் போனில் அழைத்தாள். தூக்குகிற வேலையைத்தானே அவர் இருபத்தைந்து வருடமாகச் செய்கிறார். சங்கிலிக் கப்பி கொண்டுவருகிறேன் என்றவர், எவ்வளவு எடை என்று கேட்டார். அதைப் பொறுத்துத்தான் எந்தச் சங்கிலி என்பது.

அவளுக்குத் தெரியவில்லை. மிளகுக்குப் போட்ட ஒவ்வொரு பிடி தானியத்தையும் நிறுக்க வைத்தவள், பக்கத்து மனையில் தானே முத்திரை வைத்த மேடைத் தராசு இருந்தும், குதிரையை ஒருமுறைகூட அதில் ஏற்றிப் பார்த்ததில்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றாள். லாயக்காரர் சுற்றளவை வைத்தே எடை சொல்லும் அளவு நாடாவைச் சுவரிலிருந்து எடுத்து வந்து, படுத்திருந்த மிளகின் மார்பைச் சுற்றி நிதானமாக நுழைத்துப் பார்த்தார்.

"நானூத்துப் பத்துன்னு சொல்லுங்கம்மா. முன்ன ஐந்நூத்தி முப்பது இருந்தா."

காலையில் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஐந்து மாதமாக இருண்டுகிடந்த கட்டுத்தறிக்குள் வெயில் படிப்படியாக ஏறியது. மிளகு படுத்தபடியே தலையைத் தூக்கி, காதுகளை முன்னால் நிமிர்த்தி, வெட்டவெளியைப் பார்த்தது. தராசு மணலில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். கணவர் வேலிக்கு வெளியே வண்டியோரம் மூச்சு வாங்க நின்றார். விதிப்படி, எல்லாம் முடிந்து வண்டி பின்கதவுக்குள் வரும்போதுதான் அவரும் உள்ளே வரலாம். டாக்டர் ஊசிக்காக அதன் கழுத்தில் மயிரை ஒதுக்கினார். குதிரையின் மூச்சு அவள் முழங்கையில் சூடாகப் பட்டது, பிறகு பட்டது, பிறகு படவில்லை. காதுகள் கடைசிவரை முன்னால்தான் இருந்தன.

வண்டி போனபின் மற்றவர்கள் கலைந்தார்கள். கணவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். லாயக்காரர் கழற்றிய ஆணிகளைச் சுத்தியலால் நிமிர்த்தி, முதல் பலகையை எடுத்துச் சுவரில் பொருத்தினார். அவளுடைய ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவள் மணலைத் தட்டிவிட்டு எழுந்து அவர் அருகில் போய் நின்றாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும் அண்ணே."

லாயக்காரர் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாம்மா. கேட்டிருக்கணும்."

இரண்டு ஆணிகளை அடித்து முடித்தார். பிறகு இரண்டாவது பலகையின் ஒரு முனையைத் தூக்கி, "இதைக் கொஞ்சம் மட்டமாப் பிடிங்க" என்றார். அவள் பிடித்துக்கொண்டாள்.